கழற்றுவதற்குக் கூலி கிடையாது

"எதுக்கும்மா டாக்டருக்குப் போற?" என்று கேட்டுக்கொண்டே பிச்சைமுத்து ஆசாரி அந்தப் பெண்ணின் மூக்கருகே சின்ன இரும்புக் குறட்டைக் கொண்டுபோகிறார். அவள் பதிலைத் தேடி வானத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு நொடிதான் அவருக்கு வேண்டும். "கோவிந்தா" என்று உதட்டுக்குள் சொல்லித் திருகாணியைச் சுழற்றுகிறார். "மக்களுக்குச் சேவை..." என்று அவள் முடிப்பதற்குள் மூக்குத்தி அவர் உள்ளங்கையில் கிடக்கிறது. அதைக் காகிதத்தில் மடித்து, பரீட்சை எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் கொடுக்கிறார். "பத்திரம் தாயி. சாயங்காலம் உடனே போட்டுருங்க. ஓட்ட தூந்துபோச்சுன்னா மறுபடியும் எங்கிட்டதான் வரணும்."

அடுத்த பிள்ளை வந்து உட்காருகிறது.

வருஷத்தில் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் கழற்றுகிறவர். மற்ற நாளெல்லாம் குத்துகிறவர். கல்லங்குறிச்சியில் பெருமாள் கோயிலுக்கு முடியிறக்க வரும் பிள்ளைகளுக்குக் காது குத்துவது அவர் தொழில். அங்கே பெருமாள் கம்ப ரூபமாக நிற்கிறார். விளைந்த நெல்லையும் சோளத்தையும் கன்றுக்குட்டியையும் கொண்டுவந்து விடுகிற சனங்கள், மொட்டையடித்த பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஆசாரியைத் தேடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எத்தனை ஆயிரம் காதைத் தொட்டிருப்பாரோ, அது பெருமாளுக்குத்தான் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நெற்றியில் நாமம் காய்ந்து பொடியாக உதிரும். துடைக்க மாட்டார், விழுந்த இடத்தைத் தொட்டுக் கும்பிடுவார். பிள்ளை வீரிட்டு அழுதால் முகம் மலர்ந்துபோகும். "அழுவட்டும் அழுவட்டும், நல்ல மூச்சு" என்பார்.

நீட் பரீட்சை வாசலுக்கு அவர் வந்தது தற்செயல்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பி மகளுக்குத் துணையாகப் பெரம்பலூர் வந்தார். உள்ளே போகிற பிள்ளைகள் மேல் குண்டுமணி உலோகம்கூட இருக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். ஒரு தாய் தன் மகளின் மூக்குத்தியைப் பல்லால் கடித்து இழுத்ததை அவர் தம் கண்ணால் பார்த்தார். ரத்தம் மேலுதட்டில் வழிய, அந்தப் பிள்ளை நுழைவுச்சீட்டை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடியது. அன்று ஊர் திரும்பிய ஆசாரியால் சோறு தின்ன முடியவில்லை. அடுத்த வருஷம் தகரப்பெட்டி, தேங்காய் எண்ணெய், மஞ்சள் தூள், பாலிதீன் பை, பிளாஸ்டிக் முக்காலி எல்லாவற்றோடும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கூலி வாங்குவதில்லை. யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "குத்துறதுக்குத்தாங்க கூலி. கழட்டுறதுக்கு எவன் வாங்குவான்?" அவர் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. ஆசாரியைக் கழற்றக் கூப்பிடும் வீடு எழவு வீடு. புருஷன் போன பெண்ணுக்குக் காலில் இறுகிய மெட்டி வரவில்லையென்றால் ஆள் அனுப்புவார்கள். போய் அறுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து தலைமுழுகுவார். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

வாசலில் சோதனைக்கு நிற்கும் போலீஸ்காரி வினோதினி கீழப்பழுவூர்க்காரி. சின்ன வயதில் அவளுக்குக் காது குத்தியது இவர்தான். வருஷா வருஷம் அதைச் சொல்லிக் காட்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

"ஆசாரி, பாருங்க, எடது காது ஓட்ட ஏணி வச்சு ஏறி நிக்குது. கம்மல் போட்டா ஒண்ணு வூட்டுல, ஒண்ணு மாடியில."

"நீ துள்ளுன துள்ளுக்குப் பெருமாளே வந்து குத்தியிருந்தாலும் அப்படித்தான் பாப்பா குத்தியிருப்பாரு."

பிள்ளைக்கு வலி தெரியாமலிருக்கக் கேட்கத் தொடங்கிய கேள்விதான் அந்த 'எதுக்கும்மா'. குழந்தைகளிடம் காக்காயைக் காட்டுவார்; இவர்களிடம் கேள்வி கேட்பார். கேட்கக் கேட்க, பதில்கள்தான் அவரைத் தைக்க ஆரம்பித்தன. கழுத்தில் தாயத்துச் சங்கிலியோடு வந்த ஒரு பையன், "எங்கப்பா ஆஸ்பத்திரி கட்டிட்டாருங்க, சும்மா கெடக்குது" என்றான். ஒரு பெண், "எங்கூடப் படிச்சவ போயிட்டாளே" என்றாள். இன்னொருத்தி, "தெரியலைங்க, அம்மாவைக் கேளுங்க" என்றாள். அம்மா கூசாமல் சொன்னாள்: "அவளுக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும்ங்க. ஆனா மார்க்கு வந்துரும்."

ஆசாரி குறட்டைக் கீழே வைத்துவிட்டார். "ரத்தம் பாத்தா மயக்கமா?"

"அதெல்லாம் படிக்கப் படிக்கச் சரியாயிருங்க."

உள்ளே நூற்றெண்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு பதில், சரியானதற்கு உரிய வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்று வினோதினி விளக்கியபோது அவர் அதிர்ந்துதான் போனார். காது குத்துகிற தொழிலுக்கே அவருடைய அப்பா மூன்று வருஷம் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், அழுகிற பிள்ளையிடம் எரிந்து விழுகிறானா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் ஊசியைத் தந்தார்.

"நூத்தி எம்பதுல ஒண்ணாவது, நீ எதுக்கு வர்றேன்னு இருக்கா பாப்பா?"

"இருந்தா அதுக்கும் கோச்சிங்ல பதில் சொல்லிக் குடுத்துருவாங்க ஆசாரி. போங்க, கூட்டம் நிக்குது."

இந்தச் சேதியை அவர் வீட்டில் சொல்லிப் பெருமூச்சு விட்டபோது, அவர் மனைவி பொன்னம்மாள் முறத்திலிருந்து தலையெடுக்காமலே கேட்டாள்: "நீங்க எதுக்கு ஆசாரி ஆனீங்க? ஒங்கப்பன் ஆசாரி. அம்புட்டுத்தான? அந்தப் புள்ளைவள மட்டும் ஏன் நோண்டுறீங்க?" ஆனாலும் கேட்பதை அவர் விடவில்லை.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மணி ஒன்று ஆகப் பத்து நிமிடம். ஒன்றரைக்கு வாசல் சாத்திவிடுவார்கள். கூட்டம் வடிந்து, ஆசாரி முதுகை நிமிர்த்தியபோது வாசல் பக்கமிருந்து வளையல் சத்தம் கேட்டது. ஒன்று இரண்டல்ல, கொத்துக் கொத்தாக. வினோதினி ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் குறைவான வயிறு. இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாக வளைகாப்பு வளையல்கள். நெற்றி வியர்வையில் குங்குமம் இழுபட்டிருந்தது. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் நுழைவுச்சீட்டு.

யாருக்கோ துணைக்கு வந்த அக்கா என்றுதான் ஆசாரி நினைத்தார். "உட்காரும்மா. எந்தப் புள்ளைக்கு?" என்றார்.

"எனக்குத்தாங்க பெரியப்பா" என்றாள் அவள்.

வினோதினி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வளையலு அத்தனையும் கழட்டணும். கால்ல மெட்டியும் கெடக்கு. மெட்டிக்கு வாசலுக்கு வாசல் ஒரு சட்டம் ஆசாரி, இந்த வாசல்ல கூடாதுன்னுட்டாங்க. நான் போய் இன்னொரு தடவ கேட்டுப் பாக்குறேன். நீங்க வளையல ஆரம்பிங்க."

வளைகாப்பு வளையலைப் பிரசவத்துக்கு முன்னால் கழற்றுவதா? வீங்கிய கை. வராவிட்டால் உடைக்கச் சொல்வார்கள். சுமங்கலி கையில், அதுவும் பிள்ளையைச் சுமக்கிறவள் கையில் வளையல் உடைவதா? "பெருமாளே, பெருமாளே" என்று ஆசாரியின் வாய் தானாக முணுமுணுத்தது. கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. பாலிதீன் பையை அவள் கையில் மாட்டி, மேலே எண்ணெய் தடவி, கட்டைவிரல் முட்டியை உள்ளே மடக்கி அழுத்தி, ஒவ்வொரு வளையலாக வழுக்கிக் கொண்டுவந்தார். சரக்கென்று இழுத்தால் உடையும். மெதுவாக இழுத்தால் நேரம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே இழுத்தார்.

"வூட்ல யாரும்மா வந்துருக்கா?"

"யாரும் வரலைங்க. அரும்பாவூர்ல எங்கம்மா வூட்டுக்கு வந்துருக்கேன். ஸ்கேனுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன்."

"ஞாயித்துக்கெழம ஏதும்மா ஸ்கேனு?"

"அம்மாவுக்கு அது தோணலைங்க" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பேர் ஆர்த்தி. வயது பத்தொன்பது. அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய இடத்தில் போன வருஷம் நாலு மார்க்கில் தவறிப்போனது. அடுத்த மாதமே கல்யாணம் முடித்துவிட்டார்கள். புருஷன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறான். "நல்லவருங்க. ஒரு சொல்லு அதட்டிப் பேச மாட்டாரு. பரீட்சைன்னா மட்டும் எந்திரிச்சுப் போயிடுவாரு." செல்போனிலேயே விண்ணப்பம் போட்டு, அடுப்படியில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் படித்திருக்கிறாள்.

இருபத்தொரு வளையல். ஒன்றுகூட விரிசல் விடாமல் வந்துவிட்டது. கடைசி வளையல் வந்தபோது ஆசாரியின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கணம், எல்லாம் முடிந்துவிட்டதைப்போல மூச்சு விட்டார். அப்புறம் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

பாதம் பூரியாக உப்பியிருந்தது. வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து, மேல்விளிம்பு மட்டும் பளபளத்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தார். நூல் சுற்றிப் பார்த்தார். நகரவில்லை.

வினோதினி திரும்பி வந்தாள். தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டாள். "கெஞ்சிப் பாத்துட்டேன். மெட்டல் டிடெக்டர் கத்துனா விட முடியாதுன்னுட்டாங்க. மணி ஒண்ணேகாலு."

"அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார் ஆசாரி. சொன்ன சொல் தம்முடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"அறுங்க பெரியப்பா."

"ஏ புள்ள, என்ன பேசுற? ஒம் புருஷன் உசுரோட இருக்கான். வயித்துல புள்ள. நாப்பது வருசமா இந்தக் கத்திரியப் புடிக்கிறேன். மெட்டிய எந்த வூட்ல அறுப்பேன் தெரியுமா ஒனக்கு?"

"தெரியுங்க. எங்கப்பா செத்தப்ப எங்கம்மாவுக்கு அறுத்தாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

வெயிலில் வாசல் பக்கம் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரும்புக் கதவின் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டார்கள்; மறுபக்கம் மட்டும் திறந்திருந்தது. வினோதினி ஆசாரியைப் பார்த்தாள்.

"ஒம் புருஷன் பேரு என்ன?"

"சரத்குமாருங்க."

ஆசாரி கல்லங்குறிச்சி எந்தத் திசை என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு கிழக்கே திரும்பிக் கும்பிட்டார். "பெருமாளே, சரத்குமாருங்கற இந்தப் புள்ளைய ஒன் கம்பத்தோட சேத்துக் கட்டி வச்சிக்க. சாயங்காலம் வரைக்கும் அவுத்து விட்டுறாத." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தூக்கித் தம் தொடைமேல் வைத்துக்கொண்டார். மெட்டிக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய தகரத் துண்டைச் செருகினார். கத்திரியின் வாய் வெள்ளியைக் கவ்வியது. அழுத்தாமல் நிறுத்தினார். கொஞ்சம் பிசகினாலும் விரல் போய்விடும்.

பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. "எதுக்கும்மா டாக்டருக்குப் போற?" என்றார்.

ஆர்த்தி வானத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"அஞ்சாம் மாசத்துல அடிவயிறு வலிச்சுதுங்க. நாலு நாளா சொன்னேன். மாமியாகிட்டச் சொன்னேன், அவருகிட்டச் சொன்னேன். புள்ளன்னா வலிக்கத்தான் செய்யும்னாங்க. காய்ச்சல் வந்தப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு டாக்டரக்கா, என்னயவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். நீர்த்தாரையில கிருமி, இந்தப் பொண்ணு எத்தன நாளா வலியில துடிக்குதுன்னு ஒரே ஒரு தடவ சொன்னாங்க. அம்புட்டுப் பேரும் நம்பிட்டாங்க." அவள் நிறுத்தினாள். "நான் நாலு நாளாச் சொன்னேங்க. அந்தக்கா ஒரு தடவதான் சொன்னாங்க."

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். வினோதினி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆசாரி அடுத்த காலை எடுத்து வைத்துக்கொண்டார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.

எழுந்தபோது ஆர்த்திக்குக் கால் கூசியது. வெறும் விரலைக் குனிந்து பார்க்க வயிறு விடவில்லை. செல்போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இத வச்சிக்கங்க பெரியப்பா. மணியடிச்சா எடுக்காதீங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது." வினோதினி அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு, "நட, நட, ஓடாத, நான் கதவப் புடிச்சுக்கறேன்" என்று முன்னால் ஓடினாள். ஒன்றரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அந்த வயிறு கதவிடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து உள்ளே போனது. கதவைச் சாத்திவிட்டார்கள்.

வளையலைத் தரையில் வைக்க ஆசாரிக்கு மனம் வரவில்லை. எழவு வீடுகளுக்குப் போன பெட்டிக்குள் போடவும் ஆகாது. தோளில் கிடந்த துண்டில் இருபத்தொன்றையும் கோத்து, முனையை முடிந்து, மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அறுத்த மெட்டிகள் மடியில். முக்காலிக்குப் பின்னால் நின்ற மரத்தில் சாயாமல், வளையல் ஒன்றோடொன்று மோதாமல், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு நிழலுக்கு ஒதுங்கிய தகப்பன்மார்களில் ஒருவர் சிரித்தார். "என்ன பெரியவரே, எந்தக் கோயிலு வேண்டுதலு?"

"வேண்டுதல்தாங்க" என்றார் ஆசாரி.

நேரம் நகரவில்லை. தாம் என்ன செய்துவிட்டோம் என்பது இப்போதுதான் அவர் நெஞ்சில் முழுசாக இறங்கியது. உயிரோடிருக்கும் ஒருவனுக்காக, அவன் அறியாமல், செத்தவனுக்குச் செய்வதைச் செய்தாயிற்று. சுரங்கத்துப் பாதைகளை அவர் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். வெள்ளைத் தூசியில் முன்னால் போகிற வண்டியே தெரியாது. இந்த நேரம் அவன் எந்த மேட்டில் ஏறுகிறானோ, எந்த வளைவில் திரும்புகிறானோ. ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு போனது. ஆசாரி எழுந்து நின்றுவிட்டார். அது போன பிறகும் வெகுநேரம் நின்றுகொண்டேயிருந்தார். செல்போனைப் பார்த்தார். கறுப்பாகக் கிடந்தது. தட்டிப் பார்க்கப் பயம். பொன்னம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது? பெருமாளிடம்தான் எப்படிச் சொல்வது? இரண்டே முக்கால். மூன்று. கொண்டுவந்த தயிர்ச்சோறு தொடாமலே தூக்குச்சட்டியில் புளித்தது.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவர் உள்ளங்கை அதிர்ந்தது.

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. கண்ணாடிக்குள் வெளிச்சம். மஞ்சள் டிப்பரின் சக்கரத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசியாக, பல் தெரியச் சிரிக்கிறான் ஒரு பையன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தகப்பன்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எடுங்க பெரியவரே, யாரோ கூப்புடுறாங்க" என்றார் சிரித்தவர்.

கூப்பிடுகிறான். அவன்தான் கூப்பிடுகிறான்.

பிச்சைமுத்து ஆசாரி செல்போனை எடுத்துப் பேசவில்லை. தீபாராதனைத் தட்டு எதிரே வந்ததுபோல எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை ஏந்தி, அது அடித்து ஓயும்வரை, ஒரு கண்ணிலும் மறு கண்ணிலும் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டார்.